முகவரி, ராசிங்காபுரம்

டி.வி.யில் நாலு பேர் உட்கார்ந்து, காகிதம் இல்லாமல் எல்லை தாண்டி வருகிறவர்களை என்ன செய்வது என்று தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே விடுவதா, திருப்பி அனுப்புவதா என்பதைவிட, யாரையும் பேசி முடிக்க விடக்கூடாது என்பதில்தான் அவர்களுக்கு அக்கறை. அன்று என்னைப் பார்க்க இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். இருவரும் புதிதாக வருவாய் ஆய்வாளர்கள் ஆனவர்கள். "உங்க காலத்துல சிலோன்காரங்க வந்தப்ப எப்படி சார் முடிவு பண்ணீங்க?" என்று அதில் ஒருவர் கேட்டார். ஜீப்பு டிரைவரைக் கேட்டு முடிவு பண்ணினோம் என்றேன். இருவரும் சிரித்தார்கள். பெரியவர் ஏதோ கிண்டலடிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். கிண்டல் இல்லை, நடந்ததைத்தான் சொன்னேன். காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாத கதை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் வருவாய்த் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். சங்கிலி பிடித்து நிலம் அளந்தது, வெயிலில் கறுத்தது, பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் வித்தியாசம் தெரியாமல் திட்டு வாங்கியது எல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான், அதை விட்டுவிடலாம். சிலோன்காரர்களை நான் முதலில் பார்த்தது அந்தக் குமாஸ்தா காலத்தில்தான். இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, தேயிலைத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். எல்லாக் காகிதமும் சரியாக இருக்கும். 'தாயகம் திரும்பியோர்' என்று அரசாங்கம் அழகாகப் பெயரும் வைத்திருந்தது. பிழைப்புக்குக் கடை வைக்கக் கடன் கொடுத்தோம்.

போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்படி ஒருவர் மளிகைக் கடை போட்டார். மூன்று தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய குடும்பம். தராசைத் தொட்டே பழக்கமில்லாத மனிதர். கேட்டவருக்கெல்லாம் கடன் கொடுத்தார், அடுத்த பொங்கலுக்குள் கடையில் பல்லிதான் மிச்சம். ஒரு நாள் காலையில் மலைக்குக் கூலியாள் ஏற்றிப் போகும் ஜீப்பில் அவரும் தொற்றிக்கொண்டு போவதைப் பார்த்தேன். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். கடை வைத்திருந்தபோது அவர் முகத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

எண்பத்து மூன்றில் அங்கே கலவரம் வெடித்த பிறகு வந்தவர்கள் வேறு. கிடைத்த படகில் ஏறி, உயிர் ஒன்றைத்தான் கொண்டுவந்தார்கள். கரையில் இறங்கியதும் பதிந்துகொண்டு முகாமுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. சிலர் அங்கே போகாமல் பஸ்சைப் பிடித்து, தாத்தன் பாட்டன் ஊரைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள். அப்போது நான் போடி வட்டாரத்துப் பிர்க்காவுக்கு வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ. ஆகியிருந்தேன். இவர்களைக் கண்டுபிடித்து முகாமுக்கு அனுப்புவதும் எங்கள் தலையில் விழுந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஆபீசிலும் டி.வி.யில் நடந்த அதே சண்டை நடக்கும். ஒருத்தரை விட்டால் ஊரே வரும், சட்டம் என்று ஒன்று எதற்கு என்பது தலைமை எழுத்தரின் கட்சி. நம் ரத்தம், நாம் பார்க்காமல் யார் பார்ப்பது என்பது எதிர்க்கட்சி. தலைமை எழுத்தரின் மச்சினனுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத் தோட்டம் இருந்தது. அதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது, காட்டை வெட்டிப் போட்டதுதான். ரத்தம் பேசியவரோ, தன் வீட்டுக் காலி அறையைச் சிலோன் குடும்பம் ஒன்று வாடகைக்குக் கேட்டபோது ஆள் வருகிறது என்று பொய் சொன்னவர். நான் தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் சாப்பிடுவேன்.

இனி எங்கள் தாசில்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கரலிங்கம் என்று பெயர். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சுக்குத் துண்டு இருக்கும். யோசிக்க வேண்டியிருந்தால் அதை எடுத்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்வார். அவர் சுக்கைத் தொட்டுவிட்டால் நாங்கள் யாரும் வாய் திறக்க மாட்டோம். விசாரணைக்குப் போய்விட்டு வந்து அறிக்கையை நீட்டினால் வாங்கவே மாட்டார். "மொதல்ல சொல்லுங்க. அப்புறம் எழுதுங்க" என்பார். அவர் முகத்தைப் பார்த்துத் தடுமாறாமல் சொல்ல முடிந்ததைத்தான் எழுத வேண்டும். 'மேற்படி நபர் மேற்படி இடத்தில்' என்று எழுதிப் பழகிய எங்களுக்கு அது பெரிய தண்டனை. நேரே பார்த்துச் சொல்லும்போது பாதி வாக்கியங்கள் தானாக உதிர்ந்துவிடும்.

அதோடு விட்டால் பரவாயில்லை. கடைசியில் டிரைவர் மொக்கராசுவைக் கூப்பிடுவார். "மொக்கராசு, என்ன புரிஞ்சது?" என்பார். டிரைவருக்குப் புரியாத உத்தரவு ஊருக்கும் புரியாது என்பது அவர் கொள்கை. மொக்கராசு பொட்டிபுரத்துக்காரர். கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தலை சீவுகிற ஆள். நல்ல மனிதர். ஆனால் கல்யாணத் தரகு அவருக்கு ஒரு பைத்தியம். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே பெண் இருக்கிறதா, பையன் இருக்கிறானா என்று விசாரிப்பார். நில அளவைக்குப் போன இடத்தில் இரண்டு பங்காளிகளும் அரிவாளோடு நிற்க, இவர் ஓரமாகப் போய் ஜாதகம் கேட்டுக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத் தோட்டத்தில் கள்ளத்தோணிகள், அதாவது காகிதம் இல்லாமல் படகேறி வந்தவர்கள், வேலை பார்க்கிறார்கள், உள்ளூர் ஆள்களின் கூலி கெடுகிறது என்று எங்களுக்குப் புகார் வந்தது. குரங்கணி வரை ஜீப்பு, அதற்குமேல் கால்நடை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்னைக் கண்டதும் மோர் கொடுத்தார். பாதி டம்ளர் குடிப்பதற்குள், "இங்க பூராம் போடி ஆளுகதான் சார்" என்று மூன்று முறை சொல்லிவிட்டார். நான் கேட்கவே இல்லை.

காயெடுப்பு நடந்துகொண்டிருந்தது. ஏலக்காய் செடியின் தலையில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு ஓடும் சரத்தில் காய்க்கும். அதனால் பெண்கள் செடிக்கடியில் குத்தவைத்து உட்கார்ந்து, இடுப்பிலோ பக்கத்திலோ கூடையை வைத்துக்கொண்டு எடுப்பார்கள். அந்த வரிசையில் இரண்டு பெண்களுக்கு மட்டும் கூடை முதுகில் தொங்கியது, அதன் கயிறு நெற்றிக்கு மேலே தலையில் மாட்டியிருந்தது. குனியும்போதெல்லாம் கூடை சரிந்து முன்னால் வந்தது. நின்று கொழுந்து கிள்ளுகிறவர்கள் கூடை மாட்டும் விதம் அது. கணக்கப்பிள்ளை என் பார்வை போன இடத்தைப் பார்த்தார். "மோர் இன்னுங் கொஞ்சம்…" என்று இழுத்தார்.

மூத்தவள் பெயர் சிவகாமி, முப்பது வயதிருக்கும். இளையவள் புஷ்பம், சிவகாமியின் புருஷனுடைய தங்கை, கல்யாண வயது. சிவகாமி அழவில்லை, ஓடவும் இல்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கலவரத்தில், தோட்டத்தில் இவர்கள் குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். புருஷன் பெருமாள், தாத்தாவின் பெயரையே வைத்துக்கொண்டவன், இவர்கள் இரண்டு பேரையும் படகு ஏற்றிவிட்டு, வேறு தோட்டத்தில் இருந்த தன் தாயாரைக் கூட்டிவரத் திரும்பிப் போயிருக்கிறான். போகும்போது ஒன்று சொல்லியிருக்கிறான். என் தாத்தா ஊர் போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரம், நீங்கள் அங்கே போய்விடுங்கள், நான் அங்கே வந்து சேர்கிறேன். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

ராசிங்காபுரத்துக்குப் போயும் பார்த்திருக்கிறார்கள். தாத்தாவின் தம்பி மகன் சுருளியப்பன் என்று ஒரு பெரியவர், தோட்டம் துரவு உள்ள ஆள், ஒரு வேளைச் சாப்பாடு போட்டுவிட்டு, எங்கள் வீட்டிலிருந்து யாரும் சிலோனுக்குப் போகவில்லை என்று அனுப்பிவிட்டாராம். போக இடமில்லாமல் மலைக்கு வந்துவிட்டார்கள்.

முகாமைப் பற்றி எடுத்துச் சொன்னேன். அரிசி கொடுப்பார்கள், உதவித்தொகை உண்டு, போலீஸ் தொந்தரவு இருக்காது என்றேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"அங்க எங்கள கள்ளத்தோணின்னாங்க. இங்க வந்தா இங்கயும் அதே பேருதாங்கய்யா. அத விடுங்க" என்றாள். "முகாமுக்குப் போனா சோறு கெடைக்கும், தெரியும். ஆனா அவங்களுக்கு அந்த முகாம் தெரியாதே. இந்த ஊரு பேரு ஒண்ணுதான் தெரியும். அவங்க வந்து நின்னு, நான் இங்க இல்லேன்னா, பெறகு எங்கன்னு தேடுவாங்க?"

யாரிடமாவது சொல்லி வைத்துவிட்டுப் போ என்று சொல்ல வாயெடுத்தேன். ராசிங்காபுரத்தில் அவளைத் தெரியும் என்று சொல்லவே ஆளில்லாதபோது யாரிடம் சொல்லி வைப்பது?

மலையிறங்கி வந்து தாசில்தார் முன்னால் நின்றேன். சொல்லுங்கள் என்றார், சொன்னேன். அவர் சுக்கை எடுத்தார். பிறகு மொக்கராசுவைக் கூப்பிட்டு, என்ன புரிந்தது என்று கேட்டார்.

"புருசன் வர்றேன்னு சொன்ன எடத்துல பொண்டாட்டி நிக்கணும்னு புரிஞ்சது சார். அந்தச் சின்னப் பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் முடியலைன்னும் புரிஞ்சது."

தாசில்தார் இரண்டாவதைக் காதில் வாங்கவில்லை. எங்களுக்கு வந்திருந்த உத்தரவில் ஒரு வழி இருந்தது. இங்கே உறவினர் இருந்து, இவர்கள் எங்கள் ஆள்கள், எங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தால், முகாமுக்குப் போகாமல் வெளியே தங்கலாம். காவல் நிலையத்தில் அவ்வப்போது போய்க் காட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். உறவு இல்லை என்றால் முகாம்தான், அதில் அவருக்கு அதிகாரம் கிடையாது. "நாளைக்கு ராசிங்காபுரம் போவோம்" என்றார்.

ஊர்ச் சாவடியில் விசாரணை. சுருளியப்பன் வெள்ளைவெளேர் என்று வேட்டி கட்டி, இரண்டு ஆள் துணையோடு வந்தார். சிவகாமியும் புஷ்பமும் ஒரு தூணோரம் நின்றார்கள். பெரியவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு என்ன பயம் என்று ஊருக்கே தெரியும். சிலோனுக்குப் போன பெரியப்பனுக்கும், அதாவது பெருமாளின் தாத்தாவுக்கும், இவருடைய கிணற்றுத் தோட்டத்தில் பாதி உண்டு. இன்றைக்கு உறவு என்றால் நாளைக்குப் பங்கு என்பார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன் என்று நினைத்தார். அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், மண்ணைக் கட்டிக்கொண்டு பிழைக்கிறவர்களுக்கு அந்தப் பயம் உண்டு.

தாசில்தார் ஒவ்வொன்றாகக் கேட்டார். பெருமாள் என்று யாராவது உங்கள் குடும்பத்திலிருந்து கடல் தாண்டிப் போனார்களா? இல்லை. இந்தப் பெண்களைத் தெரியுமா? தெரியாது. சொந்தமா? இல்லவே இல்லை. நான் எழுதினேன். ஊர்க்காரர்கள் யாரும் நிமிரவில்லை, பெரியவருக்கு எதிராக யார் வாய் திறப்பார்கள்? எழுதியதைச் சத்தமாக வாசித்தேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. சிவகாமி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

தாசில்தார் வழக்கம்போல, "மொக்கராசு, என்ன புரிஞ்சது?" என்றார்.

ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்த மொக்கராசு முன்னால் வந்தார். "சொந்தமே இல்லைன்னு புரிஞ்சது சார்" என்றார். பிறகு பெரியவர் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "அப்பு, ஒங்க எளைய மகனுக்குப் பொண்ணு பாக்குறீகன்னு கேள்விப்பட்டேன். இந்தப் புள்ள புஷ்பம் நல்லாருக்கு, சோலியும் வெரசாப் பாக்குது. சொந்தமில்லைங்கிறதும் தீந்துபோச்சு. பேசி முடிச்சிருவமா?"

பெரியவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்தே விட்டார்.

"ஏய், என்னய்யா பேசுற நீ? அண்ணன் தங்கச்சிக்கு எவனாச்சும் முடிச்சுப் போடுவானா? என் பெரியப்பன் பேத்தி அவ! எம் மகனுக்குத் தங்கச்சி முறைய்யா!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே ஒரு தவளை தன் வாயால் நல்லதைச் செய்துவிட்டது. சொந்தம் இல்லை என்று அவரால் நூறு தடவை சொல்ல முடியும். ஆனால் முறை தப்பிய ஒரு பேச்சைக் காதால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. பின்னால் ஒரு கிழவர் முதலில் சிரித்தார், பிறகு சாவடியே சிரித்தது. மொக்கராசு மட்டும் சிரிக்கவில்லை. ஒரு நல்ல சம்பந்தம் கைவிட்டுப் போனதே என்ற நிஜமான வருத்தம் அவர் முகத்தில் இருந்தது. அவர் தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தாசில்தார் தெரிந்துதான் அவரைக் கூப்பிட்டார் என்பது என் அபிப்பிராயம்.

தாசில்தார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஆர்.ஐ., அதை அடிச்சிட்டு, பெரியவர் இப்பச் சொன்னதை எழுதுங்க" என்றார். பிறகு பெரியவரிடம், நிலம் யாருக்கு என்பது கோர்ட்டுச் சோலி, நான் கேட்க வந்தது உறவு மட்டும்தான் என்று தணிவாகச் சொன்னார். சிவகாமி தூணை விட்டு முன்னால் வந்தாள். "மாமா, எங்களுக்கு மண்ணு வேணாம். அவங்க வர்ற வரைக்கும் இந்த ஊருல நிக்க விட்டாப் போதும்" என்றாள்.

மாமா என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கையெழுத்தைப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் பேனாவை என் பக்கம் தள்ளினார். கோபமா, வேறு ஏதாவதா என்று கேட்க நான் என்ன சின்னப்பிள்ளையா?

மாட்டுக் கொட்டத்தை ஒட்டிய அறையை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். காலையில் ஜீப்பில் மலைக்குப் போய்க் காயெடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார்கள். கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்து எடுக்கப் பழகிவிட்டார்கள். முதலில் அந்த வீட்டில் முணுமுணுப்பு இருந்ததாகக் கேள்வி. சில மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோது, பெரியவர் வாசலில் உட்கார்ந்து உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டை வைத்துக் கடித்துக்கொண்டு, பால் இல்லாத டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். சிலோன் தோட்டங்களில் அதற்குப் பெயர் சாயத்தண்ணி என்று எனக்கே பாடம் எடுத்தார். பால் டீ எல்லாம் வயிற்றுக்கு ஆகாதாம்.

அதற்குள் சங்கரலிங்கம் சாருக்கு மாற்றல் வந்துவிட்டது. புது தாசில்தாருக்குச் சொல்வதெல்லாம் வேண்டாம், எழுதினால் போதும். எனக்கு வேலை சுலபமாகிவிட்டது, ஆனால் ருசி போய்விட்டது.

சாயங்காலம் பஸ்சு வரும் நேரத்துக்குப் பெரியவர் ரோட்டுக்கு வந்து நிற்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கேட்டால் வைக்கோல் வண்டி வருகிறதா பார்க்கிறேன் என்பாராம். ஒரு வருஷத்துக்கு மேல் எந்த வைக்கோல் வண்டியும் வரவில்லை. பிறகு ஒரு நாள், பஸ்சிலிருந்து தாடியும் மீசையுமாக இறங்கி, பையை நெஞ்சோடு அணைத்தபடி திருதிருவென்று நின்ற ஆளைப் பார்த்து, "நீ பெருமாளு பேரன்தானடா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள், இவ்வளவு நாள் எங்கே போய்த் தொலைந்தாய் என்று திட்ட ஆரம்பித்துவிட்டாராம். அவன் தாத்தா சாயல் எப்படி இருக்கும் என்று அவருக்கு எங்கே தெரியும்? தாத்தா கப்பல் ஏறியபோது இவர் பிறக்கவே இல்லை.

பெருமாளும் காகிதம் இல்லாமல் வந்தவன்தான். எனவே மறுபடி விசாரணை, மறுபடி நான். மொக்கராசுதான் ஜீப்பு ஓட்டினார். வாசலில் போய் இறங்கினோம். உள்ளே பெண்கள் குரல் கேட்டது. பெரியவர் வெளியே வந்து, படிக்குக் கீழேயே என்னை நிறுத்திவிட்டார்.

"இன்னிக்கு வேணாம் தம்பி. வீட்டுல தீட்டு. எங்க மதினி எறந்துபோச்சு. கருமாதி முடியட்டும், அப்பறம் வாங்க."

யார் இறந்தது என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. பெருமாள் தன் தாயாரைக் கூட்டிவரப் போனான் அல்லவா? கூட்டிவர முடியவில்லை. பெரியவருக்கு அண்ணன் மனைவி முறையான அவள் அங்கேயே இறந்துவிட்டாள். அவன் வந்து சொன்ன பிறகுதான் இங்கே சேதி தெரியும். சேதி கேட்ட நாளிலிருந்து அந்த வீட்டில் பங்காளித் தீட்டு. பெரியவர் எண்ணெய் தொடவில்லை, கோயில் வாசல் மிதிக்கவில்லை. எப்போதும் சவரம் செய்து பளபளவென்று இருக்கும் முகத்தில் வெள்ளை முள் முளைத்திருந்தது.

ஆர்.ஐ. புத்தி, கேள்வி கேட்காமல் இருக்காது. "நீங்க அவங்களப் பார்த்திருக்கீங்களா?" என்றேன்.

"பாத்ததில்ல" என்றார். "அதுனால மதினி இல்லாமப் போயிருமா?"

நான் கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினேன். மொக்கராசு வண்டியைத் திருப்பினார். ஊர் எல்லை தாண்டும்வரை அவர் ஒரு பெண்ணைப் பற்றியும் விசாரிக்கவில்லை. பிறகு, என்ன புரிஞ்சது என்று யாரும் கேட்காமலே, ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"புரிஞ்சுருச்சு சார்."